எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

வணக்கம் நேயர்களே.

ப்ராக்ரஸிவ் ராக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டு, விவரம் தெரிந்தவரிடம் போய் "எதில் தொடங்கட்டும்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம். 1969 அக்டோபரில் வந்தது. இந்த வகை இசைக்கே பிள்ளையார் சுழி போட்டது என்று சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதைப் போட்டதும் காதில் என்ன விழும்? சாக்ஸஃபோன் அலறும், கிதார் உறுமும், பாடுகிறவரின் குரலைக் கருவிக்குள் விட்டு நசுக்கியிருப்பார்கள். ஏழு நிமிடத்துக்கும் மேல் இந்த அமர்க்களம். ஆசையாக வந்தவர் பாதியில் எழுந்து போய்விடுவார். அப்புறம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

எனக்குப் பல வருடமாகவே இந்த வருத்தம் உண்டு. வரலாற்றில் முதலில் வந்தது என்பதற்காக ஒருவர் காதுக்கும் அதையே முதலில் கொடுக்க வேண்டுமா? இன்று அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த இசையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1960களின் கடைசியில், பெரும்பாலும் இங்கிலாந்தில், ராக் வாசித்துக்கொண்டிருந்த சில இளைஞர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. சிம்ஃபொனி, ஜாஸ், நாட்டுப்பாடல், கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். பாட்டு பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. நான்கு நான்காகப் போகும் தாளம் ஐந்து, ஏழு என்று மாறியது. அவ்வளவுதான். மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆல்பங்களுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இதை இன்றைக்கு நான் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுதாகக் கேளுங்கள். இந்த இசை எல்.பி. இசைத்தட்டுக்காகச் செய்தது. எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம், கொஞ்சம் கூடவும் போகலாம். அதற்கு மேல் திணித்தால் கோடுகள் நெருக்கமாகி ஒலி மெலிந்துவிடும். இவர்களுடைய நீளப் பாட்டுகள் பலவும் பதினெட்டு, இருபது, இருபத்துமூன்று நிமிடத்தில் வந்து நிற்பது இதனால்தான். தட்டு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. அந்த இருபது நிமிடத்துக்குள் ஒரு எடுப்பு, ஏற்றம், இறக்கம், முடிவு எல்லாம் வைத்துத்தான் பாடல்களை அடுக்கியிருப்பார்கள். செல்போனில் பாடல்களைக் கலைத்துப் போட்டு, நடுவே விளம்பரமும் வந்து, பாதியில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு கேட்டால் எந்த ஆல்பத்தைச் சிபாரிசு செய்தும் பயனில்லை. இன்னொன்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் ஓடவிடும் வசதி பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உட்காருங்கள்.

சரி, முதல் தட்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. கறுப்புப் பின்னணியில் ஒரு முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு நுழைந்து மறுபக்கம் வானவில்லாக வெளியே வரும். அந்தப் படம் போட்ட டி-ஷர்ட்டை நடைபாதைக் கடையில் பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையே போட்டிருக்கலாம். போட்டிருப்பவர்களில் எத்தனை பேர் தட்டைக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். முதல் பக்கம் இதயத் துடிப்பில் தொடங்கும். நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றாக நழுவிக்கொண்டே போய், பியானோவும் ஒரு பெண் குரலுமாக முடியும்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1973 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோ. குழுவில் கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒன்று வாசித்து வைத்திருக்கிறார், அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் தனக்குத் தெரிந்த கிளேர் டோரி என்ற பாடகியைக் கூப்பிடுகிறார். இருபத்தைந்து வயது. வந்த பெண்ணிடம் பாட்டு வரி என்று ஒன்றும் கொடுக்கவில்லை, மெட்டும் கொடுக்கவில்லை. அவர் வழக்கம்போல 'பேபி' அது இது என்று சேர்த்துப் பாட, வார்த்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நானே ஒரு கருவி என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சில தடவை பாடிவிட்டு, அளவுக்கு மீறிவிட்டோமோ என்று கூச்சத்தோடு மன்னிப்பும் கேட்டுவிட்டுக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்புக் கூலி, மொத்தம் 30 பவுண்டு. இதைச் சேர்க்கப்போவதில்லை என்றே நினைத்திருந்தவருக்கு, கடையில் ஆல்பத்தைப் பார்த்தபோதுதான் தன் பெயர் இருப்பது தெரிந்தது. முப்பது வருடம் கழித்து, 2004இல், அந்த இசையை உருவாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார். மறு வருடம் சமரசமாயிற்று. இப்போது இசையமைப்பில் ரைட் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்து இருக்கிறது. நியாயம்தானே? வார்த்தை இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெண் செய்தது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் கல்லாப்பெட்டியும் சில்லறையும் குலுங்கும். தொடையில் தாளம் தட்டிப் பாருங்கள், ஏழு வரும். சாக்ஸஃபோன் வாசிப்பு வரைக்கும் ஏழுதான். கிதார் தனியாக வாசிக்கத் தொடங்கும்போது நாலாக மாறிவிடும், பாட்டு கட்டறுத்துக்கொண்டு ஓடும். பாடல் வரிகள் திரும்பும்போது மறுபடி ஏழு. விரலால் எண்ணிக்கொண்டே கேட்டால் அந்த மாறும் இடம் ஜோராக இருக்கும்.

அடுத்தது ஜெனிசிஸ். 'செல்லிங் இங்கிலாண்ட் பை தி பவுண்ட்', அதுவும் 1973. இந்த ஆல்பத்தில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்று ஒரு பாட்டு, ஒன்பதரை நிமிடம். எனக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் இந்த வகை இசையை அறிமுகப்படுத்த இந்த ஒன்றையே போடுவேன். டோனி பேங்க்ஸ் பியானோவில் தொடங்குவார், ஏதோ பழைய ஐரோப்பியச் சங்கீதம் மாதிரி. பிறகு பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கி, பீட்டர் கேப்ரியல் புல்லாங்குழலில் ஒரு சின்ன மெட்டை வாசிப்பார். கொஞ்சம் சோகமான மெட்டு, சீக்கிரமே முடிந்துவிடும். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் கழித்து ஸ்டீவ் ஹாக்கெட் கிதாரில் அதே மெட்டை எடுப்பார். ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, நிறுத்தி, பின்னால் மொத்தக் கூட்டமும் எழும்ப, அது வேறு ஒன்றாகிவிடும். புல்லாங்குழலைக் கவனிக்காமல் விட்டவருக்குக் கிதார் பாதிதான் கிடைக்கும். முழுதாகக் கேளுங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான். அந்தத் தட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் யார் தெரியுமா? ஃபில் காலின்ஸ். பிற்காலத்தில் பாடகராக உலகமெல்லாம் தெரிந்த அதே ஆள்.

மூன்றாவது, யெஸ். 1972இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. மொத்தம் மூன்றே பாட்டு. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டு நிமிடத்துக்கு மேல். ஓர் எச்சரிக்கை. பறவைச் சத்தமும் நீரோட்டமுமாகத் தொடங்கி, திடீரென்று ஐந்து பேரும் ஐந்து திசையில் ஓடுவது மாதிரி வாசிப்பார்கள். பயப்படாதீர்கள். மூன்று நிமிடம் பொறுத்தால் ஒரு மெட்டு பிடிபடும். பாதிக்கு மேல் எல்லாம் அமைதியாகிக் குரல்கள் மட்டும் மிதக்கும், அதன் உச்சியில் ஒரு பெரிய பைப் ஆர்கன் எழும். அது லண்டனில் ஒரு தேவாலயத்து ஆர்கனிலேயே வாசித்துப் பதிவு செய்தது. வாசித்தவர் ரிக் வேக்மேன்.

வேக்மேன் பெயரை எடுத்துவிட்டேன், இனி அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேலே சொன்ன ஆல்பத்துக்கு அடுத்து, 1973 கடைசியில், யெஸ் குழு இரட்டை இசைத்தட்டு ஒன்று வெளியிட்டது. நாலு பக்கம், நாலு பாட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். எங்கிருந்து வந்தது இந்த யோசனை? பாடகர் ஜான் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' படித்திருக்கிறார். அதில் நம் சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரே ஓர் அடிக்குறிப்பிலிருந்து எண்பது நிமிட இசை! வேக்மேனுக்கு இது ஒட்டவே இல்லை. மேடையில் அவருக்கு வாசிக்கவும் நிறைய இல்லை. மான்செஸ்டரில் கச்சேரி. அவருடைய ஆர்கனுக்கு அடியில், ஏதாவது பழுதானால் பார்க்க, உதவியாளர் ஒருவர் படுத்திருப்பார். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே அவர், முடிந்ததும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வேக்மேன் இந்திய ஓட்டல் சாப்பாட்டு வகைகளை வரிசையாக அடுக்கினார். சிக்கன் விந்தாலு, புலாவ், அப்பளம். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வரும் என்று நினைத்திருக்கிறார். இருபது நிமிடமோ என்னவோ போயிருக்கும், பாட்டு இன்னும் முடியவில்லை, கீழேயிருந்து ஒவ்வொரு டப்பாவாக மேலே வருகிறது. என்ன செய்வார்? கீபோர்டுகளின் மேல் பரப்பி வைத்து, மேடையிலேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டார். மசாலா வாசனை மேடை முழுக்க. யோகானந்தரின் பெயரில் பிறந்த இசை, விந்தாலு மணத்தோடு போயிற்று. இதை வேக்மேனே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் போய்விட்டார். அந்த இரட்டைத் தட்டில் எனக்குப் பிடித்த இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் புதியவர் அதில் மட்டும் தொடங்க வேண்டாம். வாசித்தவருக்கே பொறுமை போன இடம் அது.

இவ்வளவும் கேட்டு முடித்தபின் கிங் கிரிம்சனுக்கு வாருங்கள். இப்போது அந்த அலறல் உங்களை விரட்டாது. முதல் பாட்டு முடிந்ததும் புல்லாங்குழலோடு மிக மென்மையாக ஒன்று வரும், அப்போதுதான் அலறலுக்குக் காரணமே புரியும். அதற்கடுத்துப் பின்னால் வயலின் கூட்டம் போல ஒரு சத்தம் அலை அலையாக எழும். அது வயலின் இல்லை, மெல்லோட்ரான். பர்மிங்காமில் செய்த ஒரு கருவி. பார்க்கச் சின்ன ஆர்கன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், அதில் ஏற்கெனவே பதிந்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ கேட்கும். சுமார் எட்டு நொடிதான். நாடா தீர்ந்தால் சத்தம் நின்றுவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பின்னுக்கு இழுத்துவிடும், மறுபடி அழுத்தலாம். அந்த எட்டு நொடிக்குள் விரலை மாற்றியே ஆகவேண்டும். நாடா ஓடும்போது சுருதி லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் பிடித்துப்போனவர்கள் வாழ்நாள் முழுக்க அதைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். நான் அந்தக் கட்சி.

ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்' பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1972. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு, அட்டையே பன்னிரண்டு பக்கச் செய்தித்தாள். எட்டு வயதுப் பையன் எழுதிய கவிதை என்று அதில் செய்தி. பையனும் பொய், கவிதைப் போட்டியும் பொய், எல்லாம் அந்தக் குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் கைவேலை. நீண்ட நீண்ட ஆல்பங்களைக் கிண்டல் செய்யவே எழுதினார், அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்விட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீளப் பாட்டு முடியவே முடியாது என்பவர்களுக்கு, கனடாவின் ரஷ், 'மூவிங் பிக்சர்ஸ்', 1981. பெரும்பாலும் நாலைந்து நிமிடப் பாட்டுகள். அதில் வார்த்தையே இல்லாத ஒன்று, டொராண்டோ விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை மோர்ஸ் தந்தி அடிப்பது போலத் தட்டித் தொடங்கும். அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் ஒய் ஒய் இசட் என்று பார்த்திருப்பீர்களே, அதுவேதான். இத்தாலிக்காரர்களைப் பற்றித் தனியாகவே ஒருநாள் பேச வேண்டும். இப்போதைக்கு பி.எஃப்.எம். குழுவின் 'பெர் உன் அமீக்கோ', 1972. பாட்டு வரியே வேண்டாம், இசை மட்டும் போதும் என்றால் கேமல் குழுவின் 'தி ஸ்நோ கூஸ்', 1975. இந்தக் காலத்துக்கு வரவேண்டும் என்றால் போர்க்குபைன் ட்ரீ, 'இன் அப்சென்ஷியா', 2002. தொடக்கம் மெல்லிசாகத்தான் இருக்கும். அதை நம்பி ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள், சில நொடியில் கிதார் இடிபோல விழும். வணக்கம்.