மலை பேர்ல போர்க்கப்பல், ரெண்டு நீலகிரி கதை

வணக்கம் மக்களே, நாடுகாணில நிக்கிறேன், காத்து சத்தம் ஜாஸ்தியா கேக்கும், ஹெட்போன்ல பாக்குறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கீழ தெரியுதுல்ல, அது வழிக்கடவு, அதத் தாண்டி நிலம்பூர், கேரளா. நம்ம ஜில்லால தேயிலை இருக்கு, யானை இருக்கு, கடல்தான் கெடையாது, ஆனா நம்ம ஜில்லா பேர்ல ஒரு போர்க்கப்பல் ஓடுது, ஐஎன்எஸ் நீலகிரி, அதுவும் ரெண்டாவது நீலகிரி.

மொதல் நீலகிரி மும்பை மசகான் டாக்ல கட்டினது, 1968ல தண்ணில எறக்கி 1972 ஜூன்ல நேவில சேத்தாங்க. டிசைன் பிரிட்டிஷ்காரனோட லியாண்டர் ரகப் போர்க்கப்பலோடதுதான். 113 மீட்டர் நீளம், பாய்லர்ல நீராவி எடுத்து டர்பைன் சுத்துற காலத்துக் கப்பல். 1996ல ரிட்டயர் ஆச்சு, மறுவருஷமே சீ ஹாரியர் விமானத்துலருந்து சீ ஈகிள் ஏவுகணைய விட்டு டெஸ்ட் பண்ண இதையே டார்கெட்டா நிறுத்தி நம்ம நேவியே முக்கிடுச்சு. நெறைய பேர் ஐயோ பாவம்பாங்க, எனக்கென்னமோ காயலான் கடைக்குப் போறதுக்கு இது தேவலன்னுதான் தோணுது.

அப்புறம் பேரு சும்மா கெடந்துச்சு. 2019ல அதே மசகான் டாக்ல புது நீலகிரி எறங்குச்சு, நேவில சேந்தது 2025 ஜனவரி 15. 149 மீட்டர், 6,600 டன்னுக்கு மேல, பிரம்மோஸ் ஏவுகணை எல்லாம் இருக்கு. ஸ்கிரீன்ல போட்டோ போடுறேன், பக்கத்துத் தகட்ட உத்துப் பாருங்க, நட்டுக்குத்தலா இருக்காது, சாஞ்சு இருக்கும், ரேடார் அலை வந்து பட்டா அனுப்பினவன்கிட்டயே திரும்பிப் போகாம வேற பக்கம் தெறிச்சுப் போகணும், அதுக்குத்தான்.

பழைய செட்ல மொத்தம் ஆறு கப்பல், நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி. புது செட்லயும் இதே ஆறு பேர், கூடுதலா மகேந்திரகிரி. நெல்லைக்காரங்க உடனே இஸ்ரோ இருக்குற எங்க ஊரு மகேந்திரகிரின்னு கமெண்ட்ல வந்துடாதீங்க, இது ஒடிசால இருக்குற மகேந்திரகிரி.

இதுல விந்தியகிரி கேஸ்தான் கேக்கணும். 2011ல மும்பை துறைமுகத்துக்கிட்ட ஒரு சரக்குக் கப்பல் மோதி, தீப்பிடிச்சு, முழுகியே போச்சு, சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம வீட்ல ஒரு ஜீப் ஒருதடவ கவுந்தாலே ராசி இல்லன்னு வந்த வெலைக்குத் தள்ளிடுவோம், நேவி என்னடான்னா 2023ல கொல்கத்தால புதுக் கப்பல எறக்கி அதே விந்தியகிரின்னே பேரு வெச்சுது. இது கூடப் பரவால்ல, குக்ரிங்கிற போர்க்கப்பல எடுத்துக்கோங்க. 1971 டிசம்பர் 9, டையூ பக்கத்துல பாகிஸ்தானோட ஹங்கோர் நீர்மூழ்கி அடிச்சு 18 ஆபீசருங்க, 176 மாலுமிங்க போய்ட்டாங்க, கேப்டன் முல்லா கப்பல விட்டு வரவே மாட்டேன்னு அதோடயே போனாரு. அந்தப் பேரையே திருப்பி 1989ல இன்னொரு கப்பலுக்கு வெச்சாங்க, அந்த ரெண்டாவது குக்ரி 2021 வரைக்கும் ஓடி முடிச்சு, இப்ப அதே டையூல மியூசியமா நிக்க வெச்சிருக்காங்க.

கூடலூர், பந்தலூர் சைடுல பழைய நீலகிரில வேல பாத்த பெரியவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, கேமராவோட வீட்டுக்கே வந்துடுறேன்.