சட்டம் இருந்தது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து எதிரணிக்கு மட்டும் கைதட்டிக்கொண்டிருந்த நண்பர்களுக்கும் வணக்கம். தலைப்பு, 'தென் கொரியாவில் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது ஆட்சியின் திட்டமா, உழைத்தவர்களின் போராட்டமா?' நான் போராட்டமே என்ற அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். 1964இல் 10 கோடி டாலர் ஏற்றுமதி, 1977இல் 1000 கோடி டாலர். பதின்மூன்றே வருடத்தில் நூறு மடங்கு! சியோலிலிருந்து பூசானுக்கு நெடுஞ்சாலை, போஹாங்கில் எஃகு ஆலை, இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் வந்து கார் செய்கிற ஹூண்டாய், எல்லாம் ராணுவத்திலிருந்து வந்த அன்றைய ஜனாதிபதி பார்க் சுங்-ஹீ போட்ட திட்டத்தால் வந்தவை, வயிறு நிறைந்தால் உரிமை தானாக வரும் என்று முடித்தார். வளர்ச்சியை நான் மறுக்கவில்லை ஐயா, மறுத்தால் என் சட்டைப்பையில் இருக்கிற போனே என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் கேட்பது அந்த 'தானாக' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான்.

சியோலில் ஒரு சந்தை. பெயர் அமைதிச் சந்தை, பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. கீழே துணிக்கடை, மேலே தையல் கூடம். ஒரு தளத்தையே பலகை அடித்து இரண்டாக்கியிருந்ததால் நிமிர்ந்து நிற்க முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் அங்கே எடுபிடி வேலை செய்தார்கள், பஞ்சுத் தூசியில், நாளைக்கு 14 மணி நேரம், மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. அங்கே துணி வெட்டுகிற வேலையில் இருந்தார் ஜோன் தே-இல் என்ற இளைஞர். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் இந்தப் பிள்ளைகளுக்கு மாவுப் பணியாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு நடந்தே போவாராம்.

அவருக்கு ஒருநாள் ஒரு விஷயம் தெரியவந்தது. நாட்டில் தொழிலாளர் சட்டம் ஒன்று இருக்கிறது! புதிதாகக் கேட்க வேண்டியதில்லை, 1953இலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று அச்சில் இருக்கிறது. புத்தகத்தை வாங்கினார். அந்தக் காலத்துக் கொரியச் சட்டப் புத்தகம், பாதிக்குப் பாதி சீன எழுத்து, படிக்க முடியவில்லை. படித்துச் சொல்லக் கல்லூரியில் படிக்கிற நண்பன் ஒருவன் எனக்கு இருக்கக்கூடாதா என்று ஏங்கினார். கூட வேலை பார்த்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார், பெயர் 'முட்டாள்கள் சங்கம்'. சட்டம் இருப்பதுகூடத் தெரியாமல் இத்தனை நாள் மாடாய் உழைத்தோமே, அந்த முட்டாள்தனத்துக்குத்தான் அந்தப் பெயர்.

அவர் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அதில் என்ன கேட்டார் தெரியுமா நடுவர் அவர்களே? 14 மணி நேர வேலையைப் பத்து, பன்னிரண்டு மணி நேரமாகக் குறையுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுங்கள். அவ்வளவுதான். சட்டம் கொடுத்ததே எட்டு. சட்டம் கொடுத்ததைவிடக் குறைவாகக் கேட்ட மனிதரையும் அலுவலகம் அலுவலகமாக அலைய விட்டார்கள். 1970 நவம்பர் 13ஆம் தேதி, அந்தச் சட்டப் புத்தகத்தோடு தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு, "நாங்கள் இயந்திரம் இல்லை" என்று கத்திக்கொண்டே ஓடினார். வயது 22.

எதிரணியில் பேசிய அம்மா, சீர்திருத்தம் என்பது நல்ல சட்டம் போடுவது என்றார். இதோ, அம்மா, நல்ல சட்டம். 17 வருடம் பத்திரமாக அலமாரியில் இருந்தது. தே-இல்லின் தாய் லீ சோ-சன் என்ன செய்தார்? பணம் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அடக்கம் செய்யச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். மகன் கேட்டதை ஒப்புக்கொண்டால்தான் அடக்கம் என்று உட்கார்ந்தார். அதே நவம்பர் மாதக் கடைசியில் அந்தச் சந்தையில் தொழிற்சங்கம் பிறந்தது. இதில் ஆட்சியின் திட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அப்புறம் 1979. ஏற்றுமதிக்கு விக் செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று கதவைச் சாத்தியது. வேலை போன பெண்கள், கிட்டத்தட்ட 200 பேர், ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைமையகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் உள்ளே புகுந்தது, கிம் கியோங்-சுக் என்ற தொழிலாளி இறந்தார். அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் கிம் யோங்-சாமைச் சபையை விட்டே நீக்கினார்கள். அவருடைய பூசான் கொதித்தது, மாசான் கொதித்தது. அடக்குவதா விட்டுக்கொடுப்பதா என்று மேலே உள்ளவர்களுக்குள்ளேயே தகராறு, அக்டோபர் 26இல் பார்க் சுங்-ஹீயைச் சுட்டதே அவருடைய உளவுத்துறைத் தலைவர்தான். விக் பின்னிய பெண்கள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்று சொன்னால் மிகைதான். ஆனால் அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி அவர்கள்.

அடுத்து ஆட்சியைப் பிடித்ததும் ஒரு ஜெனரல், சுன் டூ-ஹ்வான். 1987 ஜனவரியில் போலீஸ் காவலில் ஒரு மாணவர் சித்திரவதையில் இறந்தபோது போலீஸ் கொடுத்த விளக்கம், "மேஜையை டக் என்று தட்டினோம், செத்துவிட்டார்." இதைக் கேட்ட பிறகுதான் ஜூனில் டை கட்டிய ஆபீஸ்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 29இல் நேரடி ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அடுத்த மூன்று மாதத்தில் 3000க்கு மேல் வேலைநிறுத்தம். உல்சானில் ஹூண்டாய் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, எங்கள் முடியை எங்கள் இஷ்டப்படி வளர்க்க விடுங்கள் என்பது! வாசலில் காவலாளி முடி நீளத்தைச் சோதிக்கிற ஆலை அது. உலகத்துக்கே முடி ஏற்றுமதி செய்த நாட்டில் சொந்தத் தலைமுடிக்கு வேலைநிறுத்தம்.

சரி, எங்கள் பக்கத்துக் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பர் தேர்தலில் கிம் யோங்-சாமும் கிம் டே-ஜுங்கும் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரித்தார்கள், சுன்னின் கூட்டாளி ரோ டே-வூ ஜெயித்தார். போராடத் தெரிந்தவர்களுக்குச் சீட்டுப் பங்கிடத் தெரியவில்லை, இது நமக்குப் புதிதா என்ன?

மருத்துவக் காப்பீட்டை 1977இல் பார்க்தானே கொண்டுவந்தார் என்றும் கேட்டார்கள். ஆமாம், 500 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனிகளுக்கு. வயலில் நின்றவருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் அது முழுமையாகப் போய்ச் சேர்ந்த வருடம் 1989. நடுவில் 1987 இருக்கிறது. நான் விரலைச் சும்மா காட்டுகிறேன், கணக்கை எதிரணியே போட்டுக்கொள்ளட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். 1980இல் குவாங்ஜு நகரத்து மக்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அது எங்கள் அணியில் அடுத்து வருபவருடைய பங்கு, தொட்டால் என்னைச் சும்மா விடமாட்டார். வணக்கம்.