முன்னுரை இல்லாத கதை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'ஒரு கதை எழுதுங்கள்' என்றால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் கட்டுரைதான். 'ஓர் ஊரில் ஓர் ஏழைக் குடும்பம் வாழ்ந்து வந்தது' என்று முன்னுரை. 'ஆகவே நாம் அனைவரும்' என்று முடிவுரை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குறிப்புச் சட்டகம், உட்தலைப்பு என்று பழக்கிவிட்டது ஆசிரியர்களாகிய நாம்தான். குறுங்கதை கற்றுக்கொடுப்பதில் பாதி வேலை, அந்தப் பழக்கத்தை விடுவிப்பது.

அளவு 55 சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் வெளிவரும் 'நியூ டைம்ஸ்' வார இதழ் 1987இல் தொடங்கிய குறுங்கதைப் போட்டியின் கணக்கு அது. தமிழில் 'பார்த்துக்கொண்டிருந்தான்' ஒரே சொல் என்பதால் நமக்கு 55 தாராளம். கை பழகியதும் 40க்கு இறக்கலாம். தலைப்பு கணக்கில் சேராது. எண்ணிக்கையைக் குறைக்கச் சொற்களை ஒட்டி ஒட்டி எழுதும் கெட்டிக்காரர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. 'கொண்டிருந்தான்' போன்ற துணைவினை சேர்ந்து வரலாம், மற்றவை தனித்தனி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பாடவேளை போதும். தமிழ்ப் பாடநூலின் 'மொழியை ஆள்வோம்' பகுதிக்கு ஒதுக்கும் நேரத்திலேயே முடிக்கலாம்.

முதல் வகுப்பில் தலைப்புக் கொடுக்காதீர்கள். 'தாய்மை', 'நட்பு' என்று கரும்பலகையில் எழுதினால் வருவது மேடைப்பேச்சு. ஒரு பொருளைக் கொடுங்கள்: ஒரு பூட்டு, ரேஷன் கார்டு, சைக்கிள். அதைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பேர், ஒரே இடம், கதைக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது. பன்னிரண்டு நிமிடம், அழிக்காமல், ஏறக்குறைய 120 சொற்கள் எழுதட்டும். பொருளை வகுப்பிலேயே கொடுப்பதில் இன்னொரு வசதி, வாட்ஸ்அப்பில் வந்த கதையை அப்படியே எழுதித் தர முடியாது.

வெட்டுவது அடுத்த வகுப்பில், ஓரிரு நாள் கழித்து. எழுதிய சூட்டிலேயே வெட்டச் சொன்னால் ஒரு வரியையும் விட மனம் வராது. முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் இரண்டையும் அடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பல கதைகளில் அவை போனது தெரியவே தெரியாது. பிறகு சோகம், வருத்தம், மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிப் பெயர்கள், 'மிகவும்' வகையறா. 'என்றான்' கடைசியாகப் போகட்டும்.

ஒரு மாதிரி பார்ப்போம். சைக்கிள் என்றதும் இப்படி ஒரு கதை வரலாம்: 'அக்கா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக அவளை மில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பள்ளியில் அவளுக்குக் கொடுத்த இலவச சைக்கிளின் சீட்டை அப்பா இறக்கி, இனிமேல் நீ ஓட்டு என்றார். பெண் கல்வியின் அருமையை என்று உணர்வோமோ!'

இதில் உயிர் இருப்பது ஓர் இடத்தில் மட்டும்: சீட்டை இறக்குவது. அதை முதலுக்குக் கொண்டுவந்து, மற்றதை வெட்டினால்:

'அப்பா ஸ்பேனரை எடுத்து சைக்கிள் சீட்டை இறக்கினார். "ஏறிப் பாருடா." கால் தரையில் எட்டியது. அக்கா மில் வேலைக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். "பெல் ஒரு தரம் அழுத்தினா அடிக்காது, ரெண்டு தரம் அழுத்தணும்" என்றாள்.'

இருபத்தைந்து சொற்கள். வருத்தம் என்ற சொல்லே இல்லை. சைக்கிள் யாருடையது என்பதைப் பெல் சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூட விஷயம் விட்டுப்போகிறதே என்றால் அதற்குத்தான் தலைப்பு: 'பிளஸ் ஒன் சைக்கிள்'. 'பெண் கல்வி' என்று தலைப்பு வைத்திருந்தால் கதையைப் படிக்கவே வேண்டியதில்லை.

வெட்டிய கதையை எழுதியவர் வாசிக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசித்தால் தாளில் இல்லாததையும் குரலிலேயே சேர்த்துவிடுவார். கேட்பவரிடம் இரண்டே கேள்விகள்: யாருக்கு என்ன ஆனது? அது எந்த இடத்தில் புரிந்தது? முதல் வரியிலேயே புரிந்தால் சேதி முன்னாலேயே கசிந்திருக்கிறது. கடைசிவரை புரியவில்லை என்றால் அளவுக்கு மீறி வெட்டியாயிற்று. அப்போது விளக்க வாக்கியத்தைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. ஒரு பொருளையோ ஒரு செய்கையையோ சேர்த்தால் போதும்.

'திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு' என்ற முடிவு நிச்சயம் வரும். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது நாய்க்குட்டி என்பதும் வரும், கடைசி வரியில் யாராவது சாவதும் வரும். கதையைத் திருப்பத்திலிருந்து பின்னோக்கி யோசிப்பதால் நேர்வது இது. முதல் மாதம் இந்த மூன்றுக்கும் தடை போட்டுவிடலாம். நகைச்சுவைத் துணுக்கை மட்டும் தடுக்க வேண்டாம் என்பேன். சொற்சிக்கனம் அதில்தான் சீக்கிரம் பிடிபடும்.

55 சொற்களை வாசிக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நாற்பது பேர் வகுப்பென்றால் அரை மணிக்குள் எல்லார் கதையும் ஒலித்துவிடும். நீளக் கதையில் இது நடக்காது. ஒற்றுப்பிழையைக் கடைசிப் படியில் திருத்தினால் போதும். வெட்டப்போகும் வரிக்கு ஏன் சிவப்பு மை? மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு படிகளையும் வாங்கி வைத்து, பத்தில் ஆறை எதை வெட்டினார்கள் என்பதற்குக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.