கடல் விலகிப்போன கோயில்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில், வானளாவிய அலுவலகக் கட்டடங்களின் நிழலில் நிற்கும் தியன் ஹோக் கெங் என்னும் தாவோ சமயக் கோயில், ஒரு காலத்தில் அலை தொட்டுச் செல்லும் கடற்கரையில் இருந்தது. மலாய் மொழியில் 'தெலோக்' என்றால் விரிகுடா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரையைத் தூர்த்து நிலமாக்கியபின் கடல் விலகிப்போனது. பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது.

தென்சீனாவின் புஜியான் பகுதியிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த ஹொக்கியன் மக்கள், உயிரோடு கரை சேர்ந்ததற்காக மாசூ என்னும் கடல் தெய்வத்துக்கு ஊதுவத்தி ஏற்றிய சிறு வழிபாட்டுக் கூடமே, 1839 முதல் 1842 வரை நடந்த திருப்பணியில் இன்றைய கோயிலாக எழுந்தது. வணிகர் டான் டோக் செங் பெரும்பொருள் அளித்தார். கல்தூண்களும் மரங்களும் சீனாவிலிருந்தே வந்தன. கூரையின் மரச்சட்டங்கள் ஆணியின்றி ஒன்றோடொன்று கோத்தவை.

மாசூ, கி.பி. 960இல் மெய்சோ தீவில் லின் குடும்பத்தில் பிறந்த பெண் என்பது மரபு. பிறந்தபோது அழாத குழந்தை என்பதால் 'மௌனம்' என்று பொருள்படும் 'மோ' என்ற பெயர் இட்டார்களாம். ஒருநாள் தறியில் நெய்துகொண்டிருந்தவள் நினைவிழந்து சாய்ந்தாள்; அந்நேரம் அவளது உயிர், நடுக்கடலில் புயலில் சிக்கிய தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் காத்துக்கொண்டிருந்தது. மகளுக்கு என்னவோ ஏதோ என்று பதறிய தாய் உலுக்கி எழுப்பவே, பிடி நழுவி ஒருவர் கடலோடு போய்விட்டார். எல்லாரையும் காத்ததாக முடியாமல், ஒருவரை இழந்த துயரையும் மறைக்காமல் சொல்வதால்தான் இக்கதை என் நெஞ்சில் நிற்கிறது. கடலுக்கு ஆளனுப்பிய வீடுகள் அறிந்த துயர் அது.

1907இல் சீனப் பேரரசர் குவாங்சு இக்கோயிலுக்கு வழங்கிய பலகை, தென்கடலில் அலைகள் அடங்கட்டும் என்ற பொருளைத் தாங்கியது.

அதே தெருவில், சற்றுத் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. முகம் மழித்துக்கொண்டிருந்த நாகூர் ஆண்டவர், நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை, கையிலிருந்த கண்ணாடியை வீசி ஓட்டையை அடைத்துக் காத்தார் என்பது நம் கரையோர மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அங்கே தறியில் அமர்ந்த பெண். இங்கே கரையில் அமர்ந்த பெரியவர். இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டவர்கள், ஒரே விரிகுடாவில் இறங்கி, ஏறத்தாழ அடுத்தடுத்து நன்றி செலுத்தியிருக்கிறார்கள்.

வணக்கம்.