ஏப்ரலில் ஓடும் மழைநீர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். வெள்ளத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் ஏப்ரல் மாதத்திலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற ஏப்ரலில் எங்கள் தெரு நடைபாதைக்குக் கீழே இருக்கும் மழைநீர் வடிகாலின் மூடியை ஊழியர்கள் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே கரேலென்று தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கச் சுவரைக் குடைந்து யாரோ நாலங்குலக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து மளமளவென்று தண்ணீர் கொட்டியது; சீயக்காய் வாசனை. அன்று வெள்ளிக்கிழமை. ஏதோ ஒரு வீட்டில் எண்ணெய்க் குளியல் நடந்துகொண்டிருக்கிறது!

சிரிக்கிறீர்கள். அந்தச் சீயக்காய்த் தண்ணீர் எங்கே போகிறது? சென்னையில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அதில் போவது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதன் கோடியில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. ஓட்டேரி நல்லா, மாம்பலம் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று எது அருகில் இருக்கிறதோ அதில் விழுந்து, கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்ச் சேர வேண்டியதுதான். கூவம் நாறுகிறது என்று பாலத்தின் மேல் மூக்கைப் பொத்துகிறோமே, அந்த நாற்றத்தில் நம் வீட்டுக் குளியலறையும் கொஞ்சம் இருக்கிறது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது இந்த வடிகால் சேறும் கழிவும் நிறைந்து பாதி அடைபட்டிருக்கும். மழைக்கென்று கட்டியதில் மழைக்கு இடமில்லை. பிறகு ‘வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறதே’ என்று கேட்கிறோம். தூர் வார வருகிறவர்களுக்கும் அது ஆபத்து; கழிவுநீர் கலந்த வடிகாலுக்குள் விஷவாயு தேங்கும்.

வடிகால் சுத்தமாகவே இருக்கட்டும். ஆற்று முகத்துவாரம்? துறைமுகம் கட்டியதிலிருந்து அதன் தெற்கே கடல் மணலைக் குவித்துக்கொண்டே இருக்கிறது. மெரினா அகன்றதும் அப்படித்தான், கூவத்தின் வாய் அடைபடுவதும் அப்படித்தான். முகத்துவாரத்தைத் தோண்டி வைத்தாலும், கடல் ஏறி நிற்கிற நேரத்தில் ஆற்று நீர் எளிதில் இறங்காது. நம் ஊரோ தட்டை. ஆகவே கடல் வாங்கிக்கொள்ளும் வரை தண்ணீர் காத்திருக்க இடம் வேண்டும். ஏரிகள் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்னும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்து ‘லேக் ஏரியா’ கதையும் இதேதான்.

தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மிஞ்சியிருக்கிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே வந்து பரந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. 2022இல் அதற்கு ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டம், கிடைத்தது. அதே சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பை மேட்டையும் வளர்த்தோம். பட்டமும் கொடுத்தோம், குப்பையும் கொட்டினோம்.

ஏரியைத் திரும்பத் தோண்ட நம்மால் ஆகாது. மொட்டை மாடி நம்முடையது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 22,000 லிட்டருக்கு மேல். மே மாதத்தில் காசு கொடுத்து வரவழைக்கிறோமே, 12,000 லிட்டர் லாரி, அதில் கிட்டத்தட்ட இரண்டு லாரி! அதைத் தெருவில் விட்டுவிட்டுப் பிறகு பம்பு செட்டுக்கு அலைகிறோம். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அப்போது தோண்டிய குழி உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? எங்கள் அடுக்ககத்தில் தேடினோம். அதன் மேல் கார் நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் மேலே இருக்க வேண்டிய மணலும் ஜல்லியும் சேற்றில் இறுகிக் கல்லாகியிருந்தன. அள்ளி, அலசி, திரும்பப் போட்டோம். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை.

அந்த நாலங்குலக் குழாய் யாருடையது என்றும் கண்டுபிடித்தோம். பெயர் சொல்ல மாட்டேன். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு அவர் விண்ணப்பித்துவிட்டார். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு உங்கள் தெருக்களில் நடந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். மழை பெய்யாத நாளில் எந்த மூடிக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதோ, அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. மூடியைத் திறப்பதை ஊழியர்களிடம் விட்டுவிடுவோம். சுண்ணாம்புக் கட்டி நான் கொண்டுவருகிறேன்.