கரு கலைந்தால் 6 வாரம் லீவு, சம்பளத்தோடு! டெல்டாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வணக்கம். என் சித்தி மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆறாவது நாள் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மதியம் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த புடவையை எடுத்திருக்கிறாள். ராத்திரி என் அம்மாதான் இரண்டு முழம் மல்லிகையை அவள் மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். பால் வற்ற நம் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். தலையில் வைக்க வாங்கிய பூ அது.

அவளுக்குச் சேர வேண்டியது 6 வார லீவு, சம்பளத்தோடு. கடையில் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அன்று தெரியாது. அதற்காகத்தான் இந்த வீடியோ.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது முன்பு 1961 மகப்பேறு பயன் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் முதல் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற சட்டத்தில் இருக்கிறது. 26 வாரம் வரை கரு கலைந்தால் மறுநாளிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு லீவு. அந்த 6 வாரமும் முதலாளி உங்களை வேலை வாங்கவே கூடாது. உடம்பு தேறவில்லை என்றால், மருத்துவச் சான்றோடு இன்னும் ஒரு மாதம். 26 வாரத்துக்குப் பிறகு குழந்தை இறந்தே பிறந்தாலும் சட்டம் அதைக் குழந்தை என்றுதான் சொல்கிறது, ஆகவே முழு மகப்பேறு விடுப்பு உண்டு. 10 பேராவது வேலை பார்க்கும் கடைக்கும் இது பொருந்தும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் பணத்துக்கு இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் கவனியுங்கள். தானாகக் கலைந்ததையும் டாக்டர்கள் சீட்டில் 'அபார்ஷன்' என்றுதான் எழுதுவார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, 'நீங்களே கலைத்ததற்கு லீவா?' என்று மேனேஜர் கேட்கலாம். பயப்படாதீர்கள். சட்டப்படி மருத்துவமனையில் கலைத்திருந்தாலும் அதே 6 வாரம்தான்.

சரி, இப்போது திருக்கருகாவூருக்கு வாங்க. வெட்டாற்றங்கரை, கர்ப்பரட்சாம்பிகை கோயில். பிள்ளை வேண்டி நெய்யும், சுகப்பிரசவத்துக்கு எண்ணெயும் வாங்க நாம் வரிசையில் நிற்கிற அதே கோயில். அதன் தலபுராணத்தை ஒருமுறை மெதுவாகக் கேளுங்கள். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பமாக இருக்கிறாள். கணவர் வெளியே போயிருக்கிறார். வீட்டு வேலை அத்தனையும் முடித்து, அசதியில் கண் அயர்ந்து கிடக்கிறாள். வாசலில் ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சைக்கு வந்து நிற்கிறார். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஏன் எழவில்லை என்று அவர் கேட்கவில்லை. சாபம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கரு கலைகிறது. அப்புறம் அம்பாள் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காப்பாற்றி, நைதுருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுக்கிறாள்.

சின்ன வயதிலிருந்து குடத்துக் குழந்தையின் அதிசயத்தை மட்டும்தான் எனக்குச் சொன்னார்கள். களைத்துப் படுத்திருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்காமல் போன கதையும் இது என்று சித்தி மகளோடு அந்தச் சன்னதியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் நெய் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அவள் வீட்டுக்காரர்? மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டார். தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு நம் சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. நியூசிலாந்தில் 2021 முதல், எந்த வாரத்தில் கலைந்தாலும், அம்மாவுக்கும் துணைவருக்கும் சம்பளத்தோடு 3 நாள் துக்க விடுப்பு. பிலிப்பைன்ஸில் 2019 சட்டப்படி அம்மாவுக்கு 60 நாள். உடம்புக்கு நம் 42 நாள் நல்ல ஏற்பாடுதான். ஆனால் துக்கம் என்ற சொல்லே அதில் இல்லை, அப்பாவும் இல்லை. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நடவுக்குப் போகும் பெண்ணுக்கோ இந்த 6 வாரமும் இல்லை. தினக்கூலி, பத்து வயலில் பத்து முதலாளி, யாரிடம் லீவு கேட்பார்? ஆடி 18-க்குக் காவிரிக்கு மசக்கை என்று சித்திரான்னம் கிளறிப் படைக்கிறோம். அதே வாரம், கரு கலைந்த உடம்போடு சேற்றில் குனிந்து நிற்கும் பெண்கள் இதே ஆற்றுத் தண்ணீரில்தான் நிற்கிறார்கள்.

கடை, மில், ஆஸ்பத்திரி, பள்ளி வேலைக்குப் போகும் பெண் உங்கள் தெருவில் இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். கடிதம் எழுதத் தயங்குவார்கள், அதனால் நானே எழுதிவிட்டேன். திரையை நிறுத்தி எடுத்துக்கொள்ளுங்கள்:

'மேலாளர் அவர்களுக்கு, எனக்கு இந்தத் தேதியில் கரு கலைந்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020, பிரிவு 65-இன்படி மறுநாளிலிருந்து 6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.'

தேதி போட்டு, கையெழுத்து வைத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.