சுண்ணாம்பு, பழைய மரம், காடாத்துணி

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு பாணி அறை என்றதும் கடற்கரையை ஒட்டிய வீதிகளின் மாளிகைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உயரமான தூண், வளைவு, மஞ்சள் சுவரில் வெள்ளைக் கரை. அது நகரத்துப் பணக்காரர் கட்டிய வீடு. இன்றைக்கு நான் சொல்லப்போவது பிரான்சின் தெற்கே, ப்ரொவான்ஸ் பக்கத்துக் குடியானவர் வீட்டு அறையை. சுண்ணாம்பு அடித்த, கொஞ்சம் மேடுபள்ளமான சுவர். கைபட்டுத் தேய்ந்த மரச்சாமான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி. இந்த மூன்றும் நம் ஊரில் மலிவாகக் கிடைப்பவை. விருந்தினர் அறைக்கு இதைவிடச் சிக்கனமான அலங்காரம் இல்லை என்பேன்.

பணத்தை முதலில் சுவருக்கு ஒதுக்குங்கள். கடல் காற்றும் நிலத்து ஈரமும் சேர்ந்து, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை நம் சுவர்களில் உப்புப் பூக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளித்து, அப்பளம்போல் உரிந்துவரும். சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது, வெளியே விட்டுவிடும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பழைய டிஸ்டம்பரோ எமல்ஷனோ இருந்தால் பட்டைக்கரண்டியாலும் 80ஆம் நம்பர் உப்புத்தாளாலும் முழுக்கச் சுரண்டியாக வேண்டும். வழவழப்பான பெயின்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. கூலிக்குப் பயந்து இந்த வேலையைத் தவிர்ப்பவர்களுக்கு ஆறே மாதத்தில் சுவர் பொருக்குத் தட்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் கதவு சன்னல் போக ஏறக்குறைய 400 சதுர அடி. மூன்று பூச்சுக்கு 6 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வாங்கினால் போதும். கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் வீதம் கரைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டிய சுண்ணாம்புக் கரைசல் ஒரு லிட்டருக்கு 2 கிராம் கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கையில் ஒட்டுவது குறையும். நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அது கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நிறத்துக்கு மஞ்சள் காவி, கிலோ சுண்ணாம்புக்கு 50 கிராம். 100 கிராமைத் தாண்டினால் நிறம் பிடிக்காமல் பொடியாக உதிரும். வழக்கமாகக் கலக்கும் நீலத்தை இங்கே விட்டுவிடுங்கள். அது தரும் வெள்ளை குளிர்ந்த வெள்ளை, நமக்கு வேண்டியது பால் திரிந்தாற்போன்ற வெள்ளை. ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள். அடிக்கும்போது தண்ணீர்போல் ஊடுருவித் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். ஒரு செங்கல்லில் பூசி, மறுநாள் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கு முன்பும் சுவரை லேசாக நனைத்து, மெல்லியதாக, பிரஷைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். அந்தப் பிரஷ் தடம்தான் அழகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் காயாது. சித்திரை வெயிலில் வேகமாகக் காய்ந்து பொடியாகும். தை, மாசிதான் நல்ல காலம்.

அடுத்து மரம். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் சாய்வுப் பலகை வைத்த பழைய சன்னல் கதவுகள் கிடைக்கும். இரண்டைச் சேர்த்துக் கட்டிலின் தலைமாட்டுக்கு நிறுத்தினால் அறையின் முகமே மாறிவிடும். வாங்கும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். துளைகளிலிருந்து புது மாவு கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

தேக்கு, ஈட்டி மரத்தின் மேல் பெயின்ட் அடிப்பதைப் பார்த்தால் மனசு ஆறாது. அவற்றைத் துடைத்து அப்படியே வையுங்கள். வேம்பு, மா, நாட்டு மரம் இவற்றுக்குத்தான் வண்ணம். ஒரு டம்ளர் மேட் எமல்ஷனுக்குக் கால் டம்ளர் சாக் பவுடர். பவுடரை முதலில் தண்ணீரில் களிபோல் குழைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி தட்டாது. பழைய பாலிஷ் உள்ள மரத்தில் வெள்ளை அடித்தால் பழுப்புக் கறை மேலே ஏறிவரும். முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு கை பூசினால் கறை நிற்கும்.

தேய்ந்த தோற்றத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இழுப்பறையின் கைப்பிடியைச் சுற்றி, மேசை விளிம்பில், நாற்காலியின் முன்கால் சட்டத்தில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு இரண்டு பூச்சு அடியுங்கள். காய்ந்ததும் 220ஆம் நம்பர் உப்புத்தாளால் உரசினால் மெழுகு இருந்த இடத்தில் மட்டும் வண்ணம் விலகி மரம் எட்டிப்பார்க்கும். கையும் காலும் படாத நடுப்பலகையில் தேய்த்தால் பொய் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு போதும். தேன்மெழுகு பிரான்சின் குளிருக்குச் சரி, நம் மே மாதத்தில் பிசுபிசுத்து விருந்தாளியின் சட்டையில் ஒட்டும்.

துணி விஷயத்தில் நமக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். ப்ரொவான்ஸின் பூப்போட்ட பருத்திக்கு மூலமே இந்தியாவிலிருந்து கப்பலேறிய துணிகள்தான். சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பேற்றிய சீட்டித்துணியும் அதில் உண்டு. பிரான்சில் அவற்றை 'எந்தியென்' என்றார்கள், இந்தியத் துணி என்று பொருள். அங்கே இவற்றுக்கு அவ்வளவு கிராக்கி. தங்கள் பட்டு, கம்பளி நெசவாளரைக் காப்பாற்ற 1686இல் பிரெஞ்சு அரசு தடை போட்டது. தடை நீங்கியது 1759இல். ஆகவே இறக்குமதித் துணி தேடாதீர்கள். திரைக்குக் காடாத்துணி, தலையணை உறைக்குச் சிறு பூ அச்சிட்ட பருத்தி, போர்வைக்குக் கட்டம் போட்ட கைத்தறி. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பொறுமையாகத் தேடினால் இவை அகப்படும். ஒரே அறையில் இரண்டு அச்சுக்கு மேல் வேண்டாம். திரை, சன்னல் அகலத்தைப்போல் இரு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும். காடா சுருங்கும், ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே தையலுக்குக் கொடுங்கள்.

விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பு. வெள்ளை டியூப் போட்டால் காவிச் சுவர் நோயாளிபோல் வெளிறித் தெரியும். வில்லியனூர்ச் சுடுமண் கூஜா ஒன்று, சுவரில் நான்கு கொக்கி, ஈரத்துண்டு போட ஒரு கொடி. ப்ரொவான்ஸில் அலமாரிக்குள் வாசனைக்கு லாவண்டர் பூ வைப்பார்கள். நமக்குக் கடலூர்க் கரையோர மணலில் விளையும் வெட்டிவேர் இருக்கிறதே, ஒரு பிடியைத் துணியில் முடிந்து வையுங்கள். சாமான் எதையும் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். காற்று ஓடட்டும்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் சன்னலைத் திறந்தே வையுங்கள். எட்டாம் நாள் கறுப்புத் துணியால் சுவரைத் தடவிப் பாருங்கள். லேசாக வெள்ளை ஒட்டினால் பரவாயில்லை. மாவுபோல் அப்பினால், நீர் தெளித்துப் பிசின் கலந்த மெல்லிய பூச்சு இன்னொன்று கொடுத்துவிட்டுக் கட்டிலை உள்ளே கொண்டுபோங்கள்.

வணக்கம்.